தாத்தாவின் கோடைப் பேரேடு

கத்திரி பிறந்து மூன்றாம் நாள். திருச்சி திருவானைக்கோவிலில் இருக்கும் அந்த வீட்டு மொட்டை மாடியில் காலை ஆறரைக்கே வடாம் பிழிந்து முடித்துவிட்டார்கள். தாத்தாவின் பழைய எட்டு முழ வேட்டிகள் இரண்டு, நாலு மூலைக்கும் செங்கல், காக்காவுக்குப் பயம் காட்ட கறுப்புத் துணி கட்டிய ஒரு குச்சி. ஒரு படி பச்சரிசி மாவு, அதற்குத் தக்க ஜவ்வரிசி, அரைத்த பச்சை மிளகாய், பெருங்காயம், எலுமிச்சம்பழம் என்று முந்தின இரவே எடுத்து வைத்து, நாலரைக்கு எழுந்து கூழ் கிண்டி, மாமியாரும் மருமகளும் கை ஓயப் பிழிந்த வடாம். எட்டேகாலுக்கு அத்தனையும் தண்ணீரில் மிதந்தது.

மழை எல்லாம் இல்லை. மேலே இருந்த தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்துவிட்டது.

மோட்டார் போடுவதும் நிறுத்துவதும் அந்த வீட்டில் தாத்தாவின் இலாகா. கூட்டுறவு வங்கி ஒன்றில் முப்பத்துநாலு வருடம் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தொட்டி நிரம்ப இருபத்திரண்டு நிமிடம் என்று ஒரு தடவை கணக்குப் பார்த்து வைத்ததோடு சரி, அப்புறம் ஒரு நாளும் அது இருபத்து மூன்று ஆனதில்லை. எதிர்வீட்டுக்காரர்கூட அவர் மோட்டாரை நிறுத்தும் சத்தம் கேட்டுத்தான் அலுவலகத்துக்குக் கிளம்புவார்.

"ஏங்க, மோட்டாரு!" என்று பாட்டி மாடியிலிருந்து போட்ட சத்தத்தில் தெரு நாய் எழுந்து உட்கார்ந்தது. தாத்தா திண்ணையில் செய்தித்தாளை மடியில் வைத்தபடி நிமிர்ந்து, "எந்த மோட்டாரு?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். "நம்ம ஊரு தண்ணிக்குப் பேர்போன தலம்தான், அதுக்காக மொட்டை மாடியிலயுமா?" என்றான் மகன். மருமகள் மட்டும் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள். அதற்குக் காரணம் உண்டு. கூழ் கொதிக்கும்போது தான் ஒரு தடவை, அத்தை ஒரு தடவை என்று உப்பு இரண்டு முறை விழுந்துவிட்டது அவளுக்கு மட்டும் தெரியும். வடாம் கூழில் உப்பு எப்போதும் அரை உப்பாகத்தான் இருக்க வேண்டும். வெயிலில் தண்ணீர் வற்ற வற்ற உப்பு மட்டும் அப்படியே தங்கி, பொரிக்கும்போது ஏறி நிற்கும். இரட்டை உப்பு போட்ட வடாம் காய்ந்திருந்தால் வருடம் முழுக்க மாமியாரின் வாயில் அவள்தான் பொரிந்திருப்பாள். தாத்தாவின் மறதி அவளைக் காப்பாற்றியது. அன்று மத்தியானம் அவருக்குத் தட்டில் ஒரு கரண்டி தயிர் கூடுதலாக விழுந்தது.

கோடையில் ஒரு வீட்டில் நடக்கும் கோளாறுகளுக்குக் கணக்கே கிடையாது. ராத்திரி பதினொரு மணிக்கும் சுவர் சுடும். மின்விசிறி சுடுகாற்றைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கும். விடியற்காலையில் கொஞ்சம் கண் அசந்தால் பால்காரர் மணி அடிப்பார். அரைத்தூக்கத்தில் நடமாடும் ஆறு பேர் ஒரே வீட்டில் இருந்தால் என்ன ஆகும்?

மகன் காந்தி மார்க்கெட்டில் வண்டியை நிறுத்தி, சாவியை சீட்டுக்கு அடியில் போட்டு அமுக்கிப் பூட்டினான். சாவி செய்கிறவர் வரும்வரை உச்சி வெயிலில் ஒரு வெங்காய மண்டி வாசலில் நின்றான். ராத்திரி கரண்ட் போனபோது இன்வெர்ட்டர் 'கீ' என்று ஒரு சத்தம் போட்டு அதோடு அடங்கியது. பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும் என்று பொங்கலுக்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவனும் அவன்தான். பேரன், நன்னாரி சர்பத்தைக் கண்ணாடி பாட்டிலில் கழுத்துவரை ஊற்றி ஃப்ரீசரில் வைத்தான். பனிக்கட்டியானால் தண்ணீர் இடம் அதிகம் கேட்கும் என்று ஆறாம் வகுப்புப் பரீட்சையில் அவன் எழுதிவிட்டு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கோவையிலிருந்து லீவுக்கு வந்திருந்த மகள் வயிற்றுப் பேத்தி, செருப்பை மாடியில் விட்டுவிட்டு வந்தாள். மறுநாள் எடுத்தபோது வெயிலில் பசை விட்டுப்போய் அடிப்பாகம் மாடியிலும் வார் கையிலுமாக வந்தது.

பானை கதை தனி. பாட்டி புதுப் பானை வாங்கி, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, மணல் பரப்பி அதன்மேல் உட்காரவைத்தார். அது சும்மா சிவப்பாக இருக்கிறதே என்று மருமகள் யூடியூப் பார்த்து, எனாமல் பெயின்டில் வெள்ளை வெள்ளையாக மனிதர்களும் மாடுகளும் வரைந்து, பளபளப்புக்காக மேலே வார்னிஷும் பூசிவிட்டாள். அழகு என்றால் அப்படி ஒரு அழகு. தண்ணீர் மட்டும் குளிரவே இல்லை. மண் பானையின் நுண்ணிய துவாரங்கள் வழியாக நீர் வெளியே கசிந்து, அது ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போவதால்தான் பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கிறது. பெயின்ட் அந்த வழியை எல்லாம் அடைத்துவிட்டது. இப்போது அந்தப் பானையில் மணி பிளான்ட் வளர்கிறது.

இத்தனைக்கும் வீடு சிரித்தது. யாருடைய மறதியும் சாப்பாட்டு வேளையில் ஒரு சிரிப்புக்கு ஆயிற்று, அடுத்த வேளைக்குள் மறந்தும் போயிற்று. தாத்தாவுடையதுதான் அப்படிப் போகவில்லை.

மே 11-ஆம் தேதி அவர் தெருமுனைத் தள்ளுவண்டியில் இமாம் பசந்த் இரண்டு கிலோ வாங்கி வந்தார். திருச்சிக்காரர்களுக்கு மாம்பழம் என்றால் அதுதான், மற்றதெல்லாம் அப்புறம். பழத்தை நெல்லிக்காய்க் கூடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். பத்தரை மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு மறுபடி போய், அதே வண்டியில் அதே பழம் இரண்டு கிலோ வாங்கிவந்தார். "ஐயா, இப்பத்தானே வாங்கிட்டுப் போனீங்க?" என்று வண்டிக்காரர் கேட்டாராம். கேட்டாரே தவிர நிறுத்துப் போட்டுவிட்டார்.

மறுநாள் அவருடைய மூக்குக்கண்ணாடி ஃப்ரிட்ஜில், தோசை மாவுக்குப் பின்னால் கிடைத்தது. அன்று சாயங்காலம் டீக்கடையில் ஐம்பது ரூபாய் கொடுத்து, மீதிச் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாராம். எண்ணிக்கொண்டிருந்தார் போல. கட்டுக்கட்டாக நோட்டைப் பிரித்து, விசிறி மாதிரி விரித்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே எண்ணி முடிக்கிற கை அது. டீக்கடைக்காரர் வீடு வரைக்கும் வந்து மகனிடம் மெதுவாகச் சொன்னார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

அன்று ராத்திரியும் கரண்ட் இல்லை. எல்லாரும் மாடிக்குப் போனார்கள். தெற்கே மலைக்கோட்டை உச்சிப்பிள்ளையார் கோயில் விளக்கு தெரிந்தது. காவிரியில் மணல்தான் கிடந்தது. மேட்டூரில் தண்ணீர் திறக்கிற நாள் ஜூன் 12, அதுவும் அணையில் இருந்தால்தான். ஆற்றுப் பக்கமிருந்து வர வேண்டிய காற்று அதற்குள் எங்கே வரப்போகிறது? தாத்தா கயிற்றுக் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்து, தொட்டிக்கு அந்தப் பக்கமாகப் போய் நின்று மகன் கோவையில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டான்.

"அப்பாவுக்கு மறதி நோய் ஆரம்பிச்சிருச்சுன்னு நினைக்கிறேன்மா. எழுபத்துநாலு ஆகுதுல்ல? இனிமே தனியா வெளியில விட முடியாது. ஏடிஎம் கார்டை நான் வாங்கி வச்சுக்கறேன்."

மொட்டை மாடியில் பேசுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கரண்ட் இல்லாத ராத்திரியில் மின்விசிறிச் சத்தமும் இருக்காது.

மறுநாள் எல்லாமே அன்பாகத்தான் நடந்தது. "அப்பா, ஏடிஎம் கார்டு மாத்தணும்னு பேங்குல சொல்றாங்க, குடுங்க" என்று மகன் வாங்கிக்கொண்டான். வங்கியிலேயே வாழ்ந்தவரிடம் சொன்ன பொய். தாத்தா ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். வாசல் கேட்டுக்கு உள்பக்கம் ஒரு பூட்டு வந்தது. மோட்டார் சுவிட்சுக்குமேல், அப்பா சொன்னபடி பேரன் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய ஒரு காகிதம் ஒட்டப்பட்டது. 'தாத்தா தொட வேண்டாம்.' கடுமையாகத் தெரியக் கூடாது என்று அவனாகவே பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகமும் போட்டிருந்தான்.

வீட்டில் வயதானவர்களை வைத்துக்கொண்டு அவதிப்படுகிறவர்கள் மகனைக் குறை சொல்ல மாட்டார்கள். காஸ் அடுப்பு இருக்கிறது, மாடிப்படி இருக்கிறது, தெருவில் வண்டிகள் பறக்கின்றன. பூட்டுப் போட்டவனுக்குப் பாசம் இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? ஆனாலும் அந்த வாரத்தில் ஏழெட்டுத் தப்பு செய்த இன்னும் மூன்று பேர் அதே வீட்டில் இருந்தார்கள். அவர்கள் யாருக்கும் காகிதம் ஒட்டவில்லை.

தாத்தா அந்தக் காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அறைக்குப் போய்த் தன் செலவுக் கணக்கு நோட்டை எடுத்தார். கல்யாணமான வருடத்திலிருந்து வருடத்துக்கு ஒரு நோட்டு, பால் முதல் மொய் வரை எல்லாம் அதில் ஏறிவிடும். அதைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து கோடு போட்டார். மேலே 'பற்று' என்று எழுதினார்.

'மே 6. நான். மோட்டார் நிறுத்தவில்லை. வடாம் ஒரு படி.'

'மே 8. மகன். வண்டிச் சாவி. வெட்டிச் செலவு ரூ.200.'

'மே 9. பேரன். சர்பத் பாட்டில்.'

'மே 9. மருமகள். பால் பொங்கியது. அரை லிட்டர்.'

'மே 10. மனைவி. கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டு வீடு முழுக்கத் தேடினாள்.'

'மே 11. நான். மாம்பழம் இரண்டு தடவை.'

பேத்திக்குத்தான் இது முதலில் தெரிந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்தாள். "தாத்தா, என் செருப்பையும் எழுதிட்டீங்களா?" என்றாள். "கணக்குன்னா எல்லாத்தையும் எழுதணும்" என்றார் தாத்தா. அதற்குப் பிறகு அவள் அவருக்கு வேவுகாரியாகிவிட்டாள். "தாத்தா, அம்மாயி குக்கர்ல வெயிட் போட மறந்துட்டாங்க!" என்று ஓடிவருவாள். அவர் கர்மசிரத்தையாகக் குறித்துக்கொள்வார். அதே பெண்மணியைப் பேரன் அப்பாயி என்று கூப்பிடுவான். இரண்டு பேரும் ஒரே தப்பைச் சொல்ல வந்தால் இரண்டு தடவை ஏறிவிடக் கூடாது என்று தாத்தா, "ரெண்டு பேரும் ஒரே கேஸா?" என்று கேட்டுச் சரிபார்ப்பார்.

அந்த நோட்டில் இன்னொன்றும் ஏறிக்கொண்டிருந்தது. வெயில் காலத்தில் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று பள்ளியில் சொன்னதைக் கேட்டுவந்த பேரன், தாத்தாவுக்கென்று ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றை எடுத்துவைத்து, ஒரு நாளைக்கு நாலு என்று கட்டளையும் போட்டிருந்தான். தாத்தா கட்டளைக்குப் பணிகிறவர். குடித்து முடித்த ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு டிக். சில நாளில் ஐந்து டிக் இருந்தது. இன்னொரு பக்கம், ரத்த அழுத்தம் என்பதால் அவருடைய ரசத்திலும் மோரிலும் பாட்டி உப்பே காட்டுவதில்லை. "உப்புச் சப்பில்லாத பொழப்பு" என்று அவர் எப்போதாவது முனகுவார். பாட்டி காதில் விழாத மாதிரி இருந்துவிடுவார்.

மே 15, 16 தேதிகளில் எழுத்து ஒரு மாதிரி இழுத்துக்கொண்டு போயிருந்தது. 'வயிற்றைப் புரட்டுகிறது.' 'தலை கனம்.' 'கால் தள்ளாட்டம்.' யாரிடமும் அவர் சொல்லவில்லை. இன்னொன்று சொன்னால் இன்னொரு பூட்டு வரும்.

17-ஆம் தேதி விடியற்காலை பாத்ரூமுக்குப் போனவர் சுவரைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். அடி ஒன்றும் இல்லை. ஆனால் மகனைப் பார்த்து, செத்துப்போய்ப் பல வருடமான தன் அண்ணன் பெயரைச் சொல்லி, "எப்ப வந்தே?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் வீடு அப்படியே நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "இந்தத் தடுமாற்றம் எப்பலேருந்து இருக்கு?" என்பதுதான். மகன் ஒரு மாதமாக என்றான். மருமகள் பொங்கலிலிருந்தே என்றாள். போனில் இருந்த மகள், போன வருஷம் தன் பெண்ணின் பிறந்த நாளையே அப்பா மறந்துவிட்டார் என்று அழுதாள். பாட்டி, "கல்யாணம் ஆன நாள்லேருந்தே அவரு இப்படித்தாம்மா" என்றார். இப்படி ஒரு வீட்டில் நாலு பேருக்கு நாலு தேதி. மறதி என்று ஒரு பெயர் வைத்துவிட்டால், பழைய தப்பெல்லாம் தானாக வந்து அதில் ஒட்டிக்கொள்கிறது.

மருந்துச் சீட்டு வைத்திருந்த பையைப் பேத்திதான் கட்டிக் கொடுத்திருந்தாள். சீட்டோடு அந்த நோட்டும் உள்ளே இருந்தது. மருந்துக் கணக்கு அதில்தானே இருக்கிறது என்று வைத்தாளாம். மகன் புரட்டினான். முன்பக்கத்தில் ஏப்ரல் 24: 'டாக்டர் பீஸ். கால் வீக்கம், பிபி. புது மாத்திரை, காலையில் 1, முப்பது எண்ணம்.' அதற்கு முன்னால் அந்த வருடம் முழுக்க மணி மணியாக எழுத்து, ஒரு கூட்டலில்கூடத் திருத்தம் இல்லை. மே மாதத்தில் எழுத்து சாய ஆரம்பித்திருந்தது. பின்பக்கத்தில் தண்ணீருக்குப் போட்ட டிக்குகள்.

டாக்டரம்மா நோட்டை வாங்கி, ஏதோ ரிப்போர்ட் படிப்பது போல நிதானமாகப் படித்தார். "இதைவிட நல்ல கேஸ் ஷீட்டை நான் பார்த்ததில்லை" என்றார். ரத்தம் எடுக்கச் சொன்னார். சோடியம் 121 என்று வந்தது. இருக்க வேண்டியது 135-க்கும் 145-க்கும் நடுவில்.

விஷயம் இதுதான். அந்தப் புது மாத்திரை, உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றுகிற வகை. போகிற நீரோடு உப்பும் போகும். வெயிலில் வேர்வையிலும் உப்பு போகும். சாப்பாட்டில் உப்பு கிடையாது. அந்த இடத்தில் நாலைந்து லிட்டர் வெறும் தண்ணீர் போய்ச் சேர்ந்தால், ரத்தத்தில் மிச்சமிருக்கும் உப்பும் நீர்த்துப்போகிறது. வயதானவர்களுக்கு அது சீக்கிரம் நேரும். குமட்டல், தலைக்கனம், தள்ளாட்டம், கூடவே குழப்பமும் மறதியும். வெளியே இருந்து பார்த்தால் மூளைத் தேய்மானம் போலவே இருக்கும்.

"அப்ப மறதி நோய் இல்லையா டாக்டர்?" என்றான் மகன்.

"அதை இப்ப யாராலயும் சொல்ல முடியாது. முதல்ல உப்பைச் சரி பண்ணுவோம், அப்புறம் பார்ப்போம். அதையும் மெதுவாத்தான் ஏத்தணும். அவசரப்பட்டா மூளைக்கு ஆபத்து" என்றவர், பாட்டியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இதைக் கேட்டுட்டு வீட்டுக்குப் போய் உப்பை அள்ளிப் போடாதீங்கம்மா. மாத்திரையையும் யாரும் தானா நிறுத்தக் கூடாது. பிபி இருக்கறவருக்கு அது வேற வம்பு. இந்த மாதிரி மாத்திரை ஆரம்பிச்சா ஒண்ணு ரெண்டு வாரத்துல ஒரு ரத்தப் பரிசோதனை பார்த்திருக்கணும், எவ்வளவு தண்ணி குடிக்கலாம்னும் கேட்டிருக்கணும். அவ்வளவுதான்" என்றார்.

பாட்டி உட்கார்ந்துவிட்டார். மூன்று வருடமாகத் தன் கையால் உப்பைக் குறைத்துக் குறைத்துப் போட்டவர். அவருக்கு அன்று முழுக்க யார் சொன்ன சமாதானமும் ஏறவில்லை.

ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் மகன் அந்த நோட்டின் பின்பக்கத்தை முதலிலிருந்து படித்தான். தன் பெயரில் ஏழு பற்று இருந்தது. சில இடங்களில் அவனுக்கே சிரிப்பு வந்தது. கடைசிப் பக்கத்தில் அப்பா மொத்தம் போட்டிருந்தார். மகன் 7, மருமகள் 6, மனைவி 5, பேரன் 8, பேத்தி 4, நான் 9. தன் கணக்கில் ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை, காகிதம் ஒட்டியவர்கள் கணக்கில் ஒன்றைக்கூட ஏற்றவுமில்லை. கீழே 49 என்று எழுதி அடித்திருந்தார். பக்கத்தில் 37 என்று எழுதி அதையும் அடித்திருந்தார். மூன்றாவதாக எழுத முயன்று, பேனா முனை அங்கேயே நின்று மையாகப் பரவியிருந்தது. ஆறு சின்ன எண்கள். கூட்டினால் முப்பத்தொன்பது. மகன் நோட்டை மூடிவிட்டு, தண்ணீர் பிடிக்கிற சாக்கில் எழுந்து குழாயடிக்குப் போய்விட்டான்.

நாலாவது நாள் காலை, தாத்தா கண் விழித்து மின்விசிறியைப் பார்த்தார். கொஞ்சம் பொறுத்து, "வீட்டுல மோட்டாரு யாரு போடறா?" என்றார். பாட்டி பதில் சொல்லாமல் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அழற அளவுக்கு என்ன கேட்டுட்டேன்?" என்றார் தாத்தா.

அவரைக் கூட்டிவருவதற்குள் பேரன் அந்தக் காகிதத்தைப் பிய்த்து எடுத்துவிட்டான். ஆனால் டேப் பசை சுவிட்சு பலகையில் அப்படியே நாலு மூலையிலும் தங்கிவிட்டது. வீட்டுக்கு வந்த தாத்தா அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் ஒரு துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொண்டு, மெயினை அணைத்துவிட்டு, பசை போகும்வரை தேய்த்துத் துடைத்தார். மகன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். துடைத்து முடித்ததும் ஏடிஎம் கார்டை எடுத்து அவர் சட்டைப்பையில் வைத்தான். "மாத்திட்டாங்களா?" என்றார் தாத்தா. "ம்" என்றான். கார்டு பழைய கார்டுதான். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

தொட்டி நிரம்பினால் தானாக மோட்டாரை நிறுத்தும் கருவி ஒன்றை மகன் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தான். அது இன்னும் அட்டைப்பெட்டியோடு பரணில் இருக்கிறது.

மே 28-ஆம் தேதி கத்திரி முடிந்தது என்று காலண்டர் சொன்னது. வெயிலுக்குக் காலண்டர் படிக்கத் தெரியாததால் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. ரத்தத்தை மறுபடி பரிசோதித்ததில் 136. மாத்திரை மாறியிருந்தது. தண்ணீருக்கு டாக்டரம்மா ஓர் அளவு சொல்லியிருந்தார். பேரன் பாட்டிலில் புதுக்கோடு போட்டுக் கொடுத்தான். இன்னும் மூன்று மாதம் கழித்து ஞாபக சக்திக்கு ஒரு பரிசோதனை செய்துபார்த்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். தாத்தா அந்தத் தேதியை நோட்டில் எழுதி வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

30-ஆம் தேதி மறுபடி வடாம். கோவைக்குத் திரும்புவதற்கு முன் பேத்தி கையில் கொஞ்சம் கொடுத்தனுப்ப வேண்டும் என்று பாட்டிக்கு ஆசை. நாலரைக்கு அடுப்பு மூட்டினார்கள். கூழ் தளதளவென்று கொதித்தது. மருமகள் கரண்டியால் துழாவிக்கொண்டே, "அத்தை, உப்பு போட்டுட்டனா?" என்றாள்.

பாட்டி யோசித்தார். "நீ போட்டியா? நான் போட்ட மாதிரிதான் இருக்கு."

"நீங்க போட்டீங்களா? நானும் போட்ட மாதிரி இருக்கே."

இரண்டு பேரும் கூழைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கூடத்தில் மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில், கடிகாரத்தைப் பார்த்தபடி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தாத்தா, நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைத் திறந்து, காதில் செருகியிருந்த பேனாவை எடுத்தார்.

"யாரு பேர்ல எழுதட்டும்?" என்றார்.